ஒன்பதாம் வகுப்புப் பாடத் தேர்வு: கலிபோர்னியாப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் படிவ வரிகள் எவை?

கலிபோர்னியாவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு, பொதுவாக ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், அடுத்த ஆண்டு சேரப்போகும் உயர்நிலைப் பள்ளியின் பாடத் தேர்வுப் படிவம் வரும். பெரும்பாலும் ஒரே பக்கம். அல்ஜீப்ராவா ஜியோமெட்ரியா, ஹானர்ஸ் எனப்படும் கடினமான வகுப்பா சாதாரண வகுப்பா, எந்த மொழி, எந்த எலெக்டிவ் (விருப்பப் பாடம்), கேட்டது கிடைக்காவிட்டால் மாற்றுப் பாடம் என்ன என்று அந்த ஒரு பக்கத்துக்குள் கேட்டிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தூக்கம் தொலைக்கும் வீடுகள் பல. தமிழ்நாட்டில் படித்து வந்த பெற்றோருக்குக் குழப்பம் இன்னும் அதிகம். பதினொன்றாம் வகுப்பில் ‘குரூப்’ எடுப்பதைப் போல, இங்கே தவறிவிட்டால் டாக்டர் வழியோ இன்ஜினியர் வழியோ அடைபட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள்.

இங்கே குரூப் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாடமும் தனித்தனி, பெரும்பாலானவற்றை அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும் பாடங்கள்தான் பின்னாலும் தொடரும். அவை இரண்டே இரண்டு: கணக்கு, மொழி. இவற்றோடு, எடுக்கும் ஒவ்வொரு பாடமும் பல்கலைக்கழகம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவலைப்படவேண்டிய இடம் இந்த மூன்றுதான். மற்ற வரிகளில் பிள்ளையின் விருப்பத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

## பள்ளியை முடிப்பது வேறு, பல்கலைக்கழகத் தகுதி வேறு

பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு மாநிலச் சட்டம் வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தேவை மிகவும் எளியது. ஆங்கிலம் 3 ஆண்டு, கணக்கு 2 ஆண்டு, அறிவியல் 2 ஆண்டு, சமூக அறிவியல் 3 ஆண்டு, உடற்கல்வி 2 ஆண்டு, கலை அல்லது வேற்றுமொழி அல்லது தொழிற்கல்வியில் 1 ஆண்டு. இதன்மேல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் தேவைகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் ஒரு பாடத்துக்கு 10 கிரெடிட் என்று வைத்து, மொத்தம் 220 கிரெடிட் கேட்பது பல மாவட்டங்களின் வழக்கம். பெரும்பாலான மாவட்டங்களில் டி கிரேடு வாங்கினாலும் கிரெடிட் சேர்ந்துவிடும்.

பல்கலைக்கழகத்தின் கதை வேறு. யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் (பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ உள்ளிட்ட வளாகங்கள்), சிஎஸ்யூ எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் (சான் ஹோசே ஸ்டேட், கால் பாலி போன்றவை) ‘ஏ-ஜி’ என்ற ஏழு பிரிவுகளில் 15 ஓராண்டுப் பாடங்களைக் கேட்கின்றன. ஒவ்வொன்றிலும் சி கிரேடுக்குக் குறையக் கூடாது.

1. பிரிவு ஏ: வரலாறு, சமூக அறிவியல். 2 ஆண்டு. ஒன்று உலக வரலாறு, மற்றொன்று அமெரிக்க வரலாறு, அல்லது அரை ஆண்டு அமெரிக்க வரலாறும் அரை ஆண்டு குடிமையியலும்.
2. பிரிவு பி: ஆங்கிலம். 4 ஆண்டு.
3. பிரிவு சி: கணக்கு. 3 ஆண்டு, அதாவது அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 வரை. 4 ஆண்டு படிப்பது நல்லது என்கிறது யூசி.
4. பிரிவு டி: அறிவியல். 2 ஆண்டு. 3 பரிந்துரை.
5. பிரிவு இ: ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி. ஒரே மொழியில் 2 ஆண்டு. 3 பரிந்துரை.
6. பிரிவு எஃப்: கலை. 1 ஆண்டு. ஓவியம், இசை, நாடகம், நடனம் போன்றவை.
7. பிரிவு ஜி: கல்லூரித் தயாரிப்பு எலெக்டிவ். 1 ஆண்டு.

இந்த 15-இல் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது யூசியின் நிபந்தனை. ஆண்டுக்கு நான்கு பாடமாகப் போனாலே மூன்று ஆண்டில் 12 ஆகிவிடும் என்பதால், ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு இது சுமையாக இருக்காது.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆபத்து எங்கே என்று தெரியும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் டி வாங்கிய பிள்ளைக்குப் பள்ளி கிரெடிட் கொடுத்து அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடும். வீட்டில் யாருக்கும் ஒன்றும் உறைக்காது. பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் ஒரு குழி இருப்பது தெரியவரும். பாடத்தின் பெயரிலும் இப்படி ஏமாறலாம். ஒரு பள்ளியில் ஏ-ஜி அங்கீகாரம் பெற்ற பாடம், அடுத்த ஊர்ப் பள்ளியில் அதே பெயரில் நடந்தாலும் அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் பாடங்களைத் தனித்தனியாக யூசியிடம் சமர்ப்பித்து ஒப்புதல் வாங்குவதால் வரும் நிலை இது. யூசியின் ஏ-ஜி பாடப் பட்டியல் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்தப் பாடம் எந்தப் பிரிவில் வருகிறது என்று ஆண்டுவாரியாகக் காட்டும். படிவத்தில் டிக் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை.

## ஒன்பதாம் வகுப்பு கிரேடு கணக்கில் வருமா?

பெற்றோர் மத்தியில் அதிகம் சுற்றும் பாதி உண்மை இது: ‘யூசி ஒன்பதாம் வகுப்பைப் பார்ப்பதில்லை.’

சரியான நிலை இதுதான். யூசி ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கணக்கிடுவது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்களை மட்டும் வைத்து. ஒன்பதாம் வகுப்பு கிரேடு அந்த எண்ணில் சேராது. ஆனால் அந்த ஆண்டின் ஆங்கிலமும் கணக்கும் 15 பாடங்களில் சேரும், அதனால் சி-க்குக் குறைந்தால் தகுதியில் ஓட்டை விழும். விண்ணப்பத்தில் அந்த கிரேடுகளை எழுதியாக வேண்டும், விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடுபவரும் பார்ப்பார். தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்தே பார்க்கின்றன.

கூடுதல் புள்ளி விஷயத்திலும் இதே குழப்பம். ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடத்துக்கும், யூசி சான்றளித்த ஹானர்ஸ் பாடத்துக்கும், கல்லூரிப் பாடத்துக்கும் யூசி ஒரு புள்ளி கூட்டித் தரும். ஏ என்றால் 4-க்குப் பதில் 5, பி என்றால் 3-க்குப் பதில் 4. ஆனால் மொத்தம் 8 செமஸ்டருக்குத்தான் இந்தச் சலுகை. அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4 செமஸ்டருக்கு மேல் எடுக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புக்குப் பூஜ்யம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்திலும் பதினொன்றிலும் ஆண்டுக்கு 6 ஏ-ஜி பாடம் என்றால் மொத்தம் 24 செமஸ்டர் கிரேடு. அதில் 20 ஏ, 4 பி. புள்ளிகள் 80 + 12 = 92. 24-ஆல் வகுத்தால் 3.83. எட்டு கூடுதல் புள்ளியும் கிடைத்தால் 100, வகுத்தால் 4.17. இதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ஏபி ஹியூமன் ஜியாக்ரஃபி எடுத்து இரண்டு செமஸ்டரிலும் ஏ வாங்கியிருந்தாலும் இந்த 4.17 அப்படியேதான் இருக்கும். பள்ளி தானே கணக்கிடும் ஜிபிஏ வேண்டுமானால் கூடலாம், அது பள்ளியின் விதியைப் பொறுத்தது. உச்சவரம்பு வைக்காத ஜிபிஏ-வையும் எடுத்த பாடங்களின் கடினத்தையும் யூசி வளாகங்கள் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனாலும் யூசி ஜிபிஏ ஏறும் என்று நம்பி ஒன்பதாம் வகுப்பிலேயே ஏபி எடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தால் எடுக்கட்டும்.

எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளைச் சேர்க்கை முடிவுக்குப் பார்ப்பதை யூசி 2021-லிருந்து நிறுத்திவிட்டது. ஆகவே என்ன பாடம் எடுத்தான், அதில் என்ன வாங்கினான் என்பதன் கனம் முன்பைவிடக் கூடிவிட்டது. பாடத் தேர்வு பற்றிய பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

## கணக்கு: இந்த ஒரு வரிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்

கணக்குப் பாடங்கள் ஏணிப்படி போன்றவை. அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ். சில மாவட்டங்கள் முதல் மூன்றையும் கலந்து மேத் 1, மேத் 2, மேத் 3 என்று நடத்துகின்றன. ஒன்பதில் எந்தப் படியில் கால் வைக்கிறோமோ அதைப் பொறுத்துப் பன்னிரண்டில் நிற்கும் இடம் அமையும்:

1. ஒன்பதில் அல்ஜீப்ரா 1: பன்னிரண்டில் பிரீகால்குலஸ்.
2. ஒன்பதில் ஜியோமெட்ரி: பன்னிரண்டில் கால்குலஸ்.
3. ஒன்பதில் அல்ஜீப்ரா 2: பதினொன்றில் கால்குலஸ். பன்னிரண்டில் ஏபி புள்ளியியலோ, சமுதாயக் கல்லூரியில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) அதற்கு மேற்பட்ட கணக்கோ.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா நடத்துவதா வேண்டாமா என்பது இங்கே அரசியல் பிரச்சினையாகவே ஆகியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒன்பதில்தான் என்றது. பத்தாண்டு எதிர்ப்புக்குப் பின், 2024 மார்ச்சில் அந்நகர வாக்காளர்கள் அதை எட்டாம் வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். கால்குலஸ் என்ற ஒற்றைப் படிதான் இத்தனை சண்டைக்கும் காரணம்.

ஒன்பதில் அல்ஜீப்ரா 1 எடுத்தால் கால்குலஸ் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பின்னால் ஒரு படியைத் தாவ மூன்று வழி உண்டு. பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்கலாம், பல பள்ளிகள் அனுமதிக்கும். கோடையில் ஜியோமெட்ரியை முடிக்கலாம். அல்லது சமுதாயக் கல்லூரியில் ஒரு பாடம் எடுக்கலாம். அங்கே ஒரு செமஸ்டர் படித்தால், உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆண்டு படித்ததற்குச் சமமாக யூசி எடுத்துக்கொள்ளும்.

தகுதிக்கு மேல் தள்ளப்படுவதுதான் உண்மையில் பெரிய சேதம். அதன் இயல்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1-ஐ அரைகுறையாக முடித்த பிள்ளை ஒன்பதில் ஜியோமெட்ரிக்குப் போனால் நன்றாகவே செய்யும். ஏனென்றால் ஜியோமெட்ரியில் வடிவமும் நிரூபணமும்தான் அதிகம், அல்ஜீப்ரா கொஞ்சம்தான். ஓட்டை ஓராண்டு தூங்கும். பத்தில் அல்ஜீப்ரா 2 வந்ததும் விழித்துக்கொள்ளும். காரணிப்படுத்தல் தெரியாமல் பல்லுறுப்புக் கோவைகளை வகுக்க முடியாது, அடுக்குக்குறி விதி தெரியாமல் மடக்கைக்குள் நுழைய முடியாது. அதுவரை ஏ வாங்கிய பிள்ளை முதல் செமஸ்டரில் சி-க்கு விழும்போது, ‘பத்தாம் வகுப்பில் கெட்டுவிட்டான்’ என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். கெட்டது இரண்டு ஆண்டு முன்னால். போதாக்குறைக்கு, ஜிபிஏ கணக்கு தொடங்குவதும் சரியாக அந்தப் பத்தாம் வகுப்பில்தான்.

ஆகவே படிவம் நிரப்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், நாற்பது நிமிடம்:

1. இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே போகும் நேர்கோட்டின் சாய்வும் சமன்பாடும் கேளுங்கள். ஒரு புள்ளியிலாவது குறை எண் இருக்கட்டும்.
2. இரண்டு மாறிகள் கொண்ட இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லுங்கள்.
3. முதல் கெழு 1 அல்லாத ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள்.
4. குறை அடுக்குகள் கலந்த ஒரு கோவையைச் சுருக்கச் சொல்லுங்கள்.
5. ஒரு வார்த்தைக் கணக்கு. சமன்பாட்டைப் பிள்ளையே அமைக்க வேண்டும்.

நான்கு சரியாக வந்தால் ஜியோமெட்ரிக்குத் தாராளமாக அனுப்பலாம். மூன்றாவதும் ஐந்தாவதும் தடுமாறினால் கோடையில் அந்த இரண்டை மட்டும் பிடித்துச் சரிசெய்தால் போதும், படியிறங்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் குறைவு என்றால் அல்ஜீப்ரா 1-ஐ ஒன்பதில் மறுபடி எடுப்பதைப் பற்றிக் கவுன்சிலரிடம் (பள்ளியின் பாட ஆலோசகர்) பேசுவது நல்லது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும். சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் யூசி முதல் கிரேடைத்தான் எடுத்துக்கொள்ளும். டி, எஃப் வாங்கியதைத் திரும்ப எடுத்தால் மட்டுமே இரண்டாவது கிரேடு செல்லும். எட்டாம் வகுப்பு கிரேடு எப்படியும் ஜிபிஏ-வில் வராது என்பதால், திரும்ப எடுப்பதன் லாபம் அடித்தளம் உறுதியாவதுதான்.

எட்டில் முடித்த அல்ஜீப்ரா எதற்குக் கணக்காகும்? நடுநிலைப் பள்ளியில் சி அல்லது அதற்கு மேல் வாங்கிய அல்ஜீப்ரா 1-ஐப் பிரிவு சி-யின் மூன்று ஆண்டுகளில் ஒன்றாக யூசி ஏற்கும். ஆனால் பள்ளி முடிக்க ஒன்பது முதல் பன்னிரண்டுக்குள் 2 ஆண்டு கணக்குப் படிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எட்டில் படித்ததைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

கோடை ஜியோமெட்ரி. ஓராண்டுப் பாடம் ஆறு வாரத்துக்குள் ஓடும். ஒரு நாள் வராமல் போனால் பள்ளி நாள்களில் ஒரு வாரத்தைத் தவறவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம், ஊர்ப் பயணத்தோடு இதைச் சேர்க்கவே கூடாது. வெளியிலோ ஆன்லைனிலோ எடுப்பதாக இருந்தால் பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: அந்த நிறுவனத்தின் பாடத்துக்கு ஏ-ஜி ஒப்புதல் இருக்கிறதா, நம் பள்ளி அதை டிரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பதிவு) ஏற்றுமா, முடித்து வந்தால் அல்ஜீப்ரா 2-இல் உட்கார வைப்பார்களா. மூன்றாவதைக் கேட்க மறந்துவிட்டு, கோடை முழுக்கப் படித்தும் ஆகஸ்டில் பழைய வகுப்பிலேயே உட்காரும் பிள்ளைகள் உண்டு.

டேட்டா சயின்ஸ். அல்ஜீப்ரா 2-க்குப் பதிலாக இதை எடுக்கலாம் என்று சில காலம் பேச்சு இருந்தது. அறிமுக நிலை டேட்டா சயின்ஸ் பாடம் அல்ஜீப்ரா 2-க்கு ஈடாகாது என்று யூசியின் பேராசிரியர் குழு 2023-இல் முடிவு செய்துவிட்டது. நான்காவது ஆண்டுக் கணக்காக வேண்டுமானால் யோசிக்கலாம்.

## மொழி: தொடங்குவதைவிட இடையில் நிறுத்துவதுதான் சிக்கல்

பிரிவு இ கேட்பது ஒரே மொழியில் இரண்டு ஆண்டு. ஸ்பானிஷ் 1, பிரெஞ்சு 1 என்று மொழிக்கு ஓர் ஆண்டாக எடுத்தால் கணக்கில் வராது. பரிந்துரை மூன்று ஆண்டு என்பதால், ஒன்பதில் தொடங்கினால் மூன்றை முடித்துப் பன்னிரண்டில் ஓர் இடம் மிச்சம் இருக்கும். பதினொன்றில் தொடங்கினால் இரண்டோடு நின்றுவிடும். இடையில் ஓராண்டு விட்டுவிட்டு மூன்றாம் நிலைக்குத் திரும்பும் பிள்ளைகள் வினைச்சொல் மாற்றங்களை மறந்துபோய்த் திணறுவது வழக்கம். எடுத்தால் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும்.

ஏழிலும் எட்டிலும் ஸ்பானிஷ் 1-ஐ இரண்டாகப் பிரித்துப் படித்தவர்கள் ஒன்பதில் ஸ்பானிஷ் 2-க்குப் போகலாம். நடுநிலைப் பள்ளியில் படித்த மொழியையும், உயர்நிலைப் பாடத்துக்குச் சமமாக இருந்தால் யூசி ஏற்கும். முதல் நிலையில் டி வாங்கிவிட்டு இரண்டாம் நிலையில் சி-க்குக் குறையாமல் வாங்கினால் முதல் நிலையும் நிறைவானதாகவே கொள்ளப்படும்.

தமிழை வைத்து இந்தத் தேவையை முடிக்க முடியுமா? வீட்டில் பேசுகிறோம் என்பது மட்டும் போதாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்குச் சில பள்ளி மாவட்டங்கள் மொழிக் கிரெடிட் தருகின்றன, சில தருவதில்லை. தருகிற மாவட்டத்திலும் எந்த நிலை வரை, எந்தத் தேர்வின் அடிப்படையில் என்பது மாறும். தமிழ்ப் பள்ளி நிர்வாகியிடம் கேட்பதோடு நிற்காமல், பிள்ளை சேரப்போகும் உயர்நிலைப் பள்ளிக் கவுன்சிலரிடமும் கேட்டு, டிரான்ஸ்கிரிப்டில் எப்படி எழுதுவார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போதுதான் அமெரிக்கா வந்திருக்கும் பிள்ளைக்கு வேறு ஒரு வழியும் உண்டு. வேற்றுமொழி வழியில் முறையாகப் பள்ளிக் கல்வி பெற்றதையே பிரிவு இ-க்கு ஈடாக யூசி ஏற்கும் விதி இருக்கிறது. ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தமிழ் கிரெடிட் கிடைத்தால் மொழிக்கு ஒதுக்கிய பீரியட் காலியாகும். கலைக்கோ கம்ப்யூட்டருக்கோ இடம் தேடும் பிள்ளைக்கு அது பெரிய வரம். வாய்ப்பு இருக்கிற குடும்பங்கள் இதைக் கேட்காமல் விடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

## மற்ற வரிகள்

ஆங்கிலமும் உடற்கல்வியும் ஒன்பதில் தாமாகவே வந்துவிடும். பல பள்ளிகளில் உடல்நலக் கல்வி அரை ஆண்டும் உண்டு. அறிவியலில் பெரும்பாலும் உயிரியல். சில பள்ளிகள் இயற்பியலிலிருந்து தொடங்கும், அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

ஹானர்ஸ் ஆங்கிலமா, சாதாரணமா? ஒன்பதில் கூடுதல் புள்ளி இல்லை என்று பார்த்தோம். பள்ளிக்குப் புதியவர்கள், ஆறு ஆசிரியர், ஆறு விதமான வீட்டுப்பாடம். இந்த நிலையில் பிள்ளைக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பாடத்தில் ஹானர்ஸ் எடுத்துப் பார்ப்பது நல்ல ஆரம்பம் என்பது என் கருத்து. பத்தாம் வகுப்பு ஹானர்ஸில் சேர ஒன்பதாம் வகுப்பு ஹானர்ஸ் முன்நிபந்தனையா என்று மட்டும் பாடக் கையேட்டில் பாருங்கள். நிபந்தனை இருந்தால் முடிவு மாறலாம்.

கலையில் ஒரு பொறி இருக்கிறது. பிரிவு எஃப்-க்கு ஆண்டு முழுவதும் ஒரு பாடம், அல்லது ஒரே கலையில் இரண்டு அரையாண்டு. அரையாண்டு ஓவியம், அரையாண்டு நாடகம் என்று எடுத்தால் நிறைவாகாது. மார்ச்சிங் பேண்டில் சேர்பவர்கள், அதற்கு உடற்கல்விக் கிரெடிட் தருகிறார்களா கலைக் கிரெடிட்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும்.

புதிய சட்டங்களில் ஒன்று உறுதியாக வருகிறது. 2024-இல் கையெழுத்தான சட்டத்தின்படி தனிநபர் நிதி மேலாண்மை என்ற அரையாண்டுப் பாடம், 2030–31 கல்வியாண்டில் பள்ளி முடிப்பவர்களிலிருந்து கட்டாயம். அதாவது 2027-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்பவர்கள் முதல். இனக்குழுக்கள் பற்றிய எத்னிக் ஸ்டடீஸ் பாடத்துக்கும் 2021-இல் சட்டம் வந்தது. ஆனால் மாநிலம் நிதி ஒதுக்கினால்தான் அது கட்டாயமாகும் என்ற நிபந்தனையோடு. மாநிலத்தை எதிர்பாராமல் தாமாகவே அதைக் கட்டாயமாக்கிய மாவட்டங்கள் இருப்பதால், உங்கள் மாவட்டக் கையேடுதான் இறுதிச் சொல்.

## படிவம் பள்ளிக்குள் என்ன ஆகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மாற்றுப் பாடக் கட்டத்தை யாரும் காலியாக விடமாட்டார்கள். பள்ளி எல்லாப் படிவங்களையும் திரட்டி, எந்தப் பாடத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வசந்த காலத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். பிறகு எந்தப் பீரியடில் எது என்ற மாபெரும் அட்டவணை உருவாகும். ஆகஸ்டில் போய் ‘ஸ்பானிஷ் வேண்டாம், பிரெஞ்சு கொடுங்கள்’ என்றால் இடம் இல்லை என்பதற்குக் கவுன்சிலரின் கோபம் காரணமல்ல. நாற்காலியும் ஆசிரியரும் ஏற்கனவே பங்கிடப்பட்டுவிட்டன.

ஒரே ஒரு வகுப்பு மட்டும் நடக்கும் பாடங்களில்தான் மோதல் அதிகம். ஆர்கெஸ்ட்ரா மூன்றாம் பீரியடில் மட்டும், மாண்டரின் 2-உம் மூன்றாம் பீரியடில் மட்டும் என்றால் ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்று நீங்கள் எழுதாவிட்டால் மென்பொருள் முடிவு செய்யும். மாற்றுக் கட்டம் காலியாக இருந்தால், எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அதில் பெயரைப் போட்டுவிடும். அது ஏ-ஜி பட்டியலில் இல்லாத எலெக்டிவாகவும் இருக்கலாம்.

## நிரப்பும் வரிசை

1. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள். கால்குலஸ் வேண்டுமென்றால் ஒன்பதில் எங்கே நிற்க வேண்டும், பிள்ளை அங்கே நிற்கத் தயாரா என்று பாருங்கள்.
2. மொழியை மூன்று ஆண்டுக்கு வரிசையாகப் போடுங்கள்.
3. நான்கு ஆண்டு ஆங்கிலம், வரலாறு, அறிவியல் ஆகியவற்றை ஒரு தாளில் நிரப்புங்கள். மீதம் எத்தனை காலிக் கட்டம் இருக்கிறது என்பது இப்போது தெரியும். ஆறு பீரியட் பள்ளியில் நான்கு ஆண்டுக்கு 24 கட்டம்தான்.
4. காலிக் கட்டங்களைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். மரவேலையோ நாடகமோ எதுவானாலும் சரி.
5. ஒவ்வொரு பாடத்தையும் ஏ-ஜி பட்டியலில் சரிபாருங்கள்.
6. மாற்றுப் பாடங்கள் அத்தனையையும், விருப்ப வரிசையில், எழுதுங்கள். முதல் தேர்வும் மாற்றும் ஒரே பிரிவைச் சேர்ந்ததாக இருந்தால் திட்டம் சிதையாது.
7. நகலை எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

நாளுக்கு நான்கு பாடம், ஓராண்டுப் பாடம் அரையாண்டில் முடியும் முறையுள்ள பள்ளிகளில் இன்னொரு கவனம் வேண்டும். முதல் செமஸ்டரில் முடித்த கணக்கு, அடுத்த ஆண்டின் இரண்டாம் செமஸ்டரில்தான் திரும்ப வரும் என்றால் ஓராண்டு இடைவெளி விழும். அப்படி விழாதபடி அட்டவணை போடச் சொல்லிக் கேட்கலாம்.

## ஆகஸ்டில் பார்க்க வேண்டியவை

அட்டவணை கைக்கு வந்த அன்றே நகலோடு ஒப்பிடுங்கள். கணக்கு நிலை மாறியிருந்தால் அதே நாளில் கவுன்சிலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வகுப்பில் மாணவரைச் சேர்க்கும் முறை நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்று 2015-இல் இயற்றிய மாநிலச் சட்டம் சொல்கிறது. அதன்படி, பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது மாணவர் சரியான வகுப்பில்தான் இருக்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும், முடிவில் உடன்பாடு இல்லாத பெற்றோர் முறையிடுவதற்கான வழியும் மாவட்டக் கொள்கையில் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையை மாவட்ட இணையதளத்தில் தேடி எடுத்து, அதன் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ‘என் பிள்ளை கெட்டிக்காரன்’ என்று தொடங்கும் கடிதத்தைவிட அது வேகமாக நகரும்.

வகுப்பு மாற்றத்துக்கும் விலகலுக்கும் பள்ளி கடைசித் தேதி வைத்திருக்கும். பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள். அது முடிந்தபின் விலகினால் விலகல் குறியோ, பள்ளியின் விதிப்படி எஃப் கிரேடோ டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும். ஆகவே முதல் கணக்குப் பரீட்சையின் தாள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், எந்த வகைக் கணக்கில் புள்ளி போயிருக்கிறது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். கைத்தவறு என்றால் விட்டுவிடலாம். பின்னம், குறை எண், காரணிப்படுத்தல் என்று பழைய பாடத்திலேயே புள்ளி போயிருந்தால், கடைசித் தேதிக்கு முன்பே ஆசிரியரைச் சந்தித்துவிடுங்கள்.